வருமானப் பிணைமுறி: கடனைக் கட்டப்போவது யார்?

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: வருமானப் பிணைமுறியும் அரசாங்கக் கடனும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. பிணைமுறி (சுருக்கமாக முறி) என்பது, கடன் தருபவருக்கு வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்லி விற்கும் பத்திரம். அரசாங்கக் கடன் வரிக்காசில் அடைபடும். வருமானப் பிணைமுறியில் பாலமோ குடிநீர்த் திட்டமோ தானே உழைத்துத் தன் கடனை அடைக்கவேண்டும். உங்கள் ஊரையே எடுப்போம். 2009 இல் பாலம் திறக்கும்வரை 'பாதை'யில், அதாவது மிதவைப் படகில், மோட்டார் சைக்கிளை ஏற்றித்தானே அக்கரை போனீர்கள்? அந்தப் பாலத்தை இந்த முறையில் கட்டியிருந்தால், கடன் தீரும்வரை ஒவ்வொரு வண்டியும் கட்டணம் கொடுத்திருக்கும். முறி வாங்கியவருக்கு அந்தக் கட்டணம் மட்டுமே பிணை.

மூதூர் தங்கை: வசூலை வேறு செலவுக்கு எடுத்துவிட்டால்?

நல்ல கேள்வி. அதற்குத்தான் தனிக்கணக்கு, பெரும்பாலும் ஒரு வங்கி பொறுப்பாக இருக்கும். அமெரிக்காவில் வழமையான வரிசை இதுதான்: முதலில் நடத்தும் செலவு, அப்புறம் வட்டியும் முதலும், பிறகு ஒதுக்கு நிதி. கட்டணத்துக்கும் ஒப்பந்தத்தில் உறுதி கேட்பார்கள். வருடத்துக்குக் கட்டவேண்டிய வட்டியும் முதலும் 100 ரூபாய் என்றால், செலவு போக 125 மிஞ்சும்படி கட்டணம் வைக்கவேண்டும் என்பதுபோல. ஒப்பந்தத்தில் அந்த வாசகத்தைத் தேடி வாசியுங்கள். நாளைக்குத் தண்ணீர் பில் ஏறப்போவது அங்கேதான் எழுதியிருக்கும்.

உப்புவெளித் தம்பி: தோற்றுப்போன திட்டம் உண்டா?

உண்டு. லாஸ் வேகாஸ் மோனோரயில் 2004 இல் ஓடத் தொடங்கியது. கணித்த அளவுக்குப் பயணிகள் ஏறவில்லை. 2010 இல் வங்குரோத்து. அதைவிடப் பெரியது வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. இரண்டு அணு உலைகளுக்கு 225 கோடி டாலர் முறி விற்றார்கள், உலைகளைப் பாதியில் கைவிட்டார்கள். மின்சாரமே தராத உலைக்குப் பணம் கட்ட ஒப்புக்கொள்ளும் அதிகாரம் பங்கெடுத்த ஊர்ச்சபைகளுக்கு இல்லை என்று 1983 இல் நீதிமன்றம் சொன்னது. முறி வாங்கி வைத்திருந்த சாதாரண சேமிப்பாளர்கள்தான் நட்டப்பட்டார்கள். 'அரசு அமைப்பு விற்கிறது' என்ற ஒரே காரணத்துக்காக யாரும் காசு போடவேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நிலாவெளி ஐயா: சின்ன ஊர்களுக்கு இது சரிவருமா?

தனியே கஷ்டம், சேர்ந்தால் முடியும். தமிழ்நாட்டில் 2002 இல் 13 சின்ன நகராட்சிகள் ஒன்றுசேர்ந்து, குடிநீருக்கும் வடிகாலுக்கும் ஏறத்தாழ 30 கோடி இந்திய ரூபாய் திரட்டின. ஆனால் முதலில் கணக்கு ஒழுங்காக இருக்கவேண்டும். 1998 இல் 100 கோடிக்கு முறி விற்ற அகமதாபாத் மாநகராட்சி, அதற்கு முன் சில வருடம் தன் வரி வசூலையும் கணக்குப் புத்தகத்தையும்தான் சீர்செய்தது.