வெளுத்த பம்பரும் உரியும் பெயின்றும்: பாவனையாளர் கேள்வி-பதில்

கேள்வி: கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் வாடகைக்கு வான் ஓடுகிறேன். வானின் பம்பர்களும் சில்லுகளுக்கு மேலுள்ள வளைவுப் பட்டிகளும் கறுப்புப் பிளாஸ்ரிக்கால் ஆனவை; வெயிலில் சாம்பல் நிறமாகிவிட்டன. வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆட்களை ஏற்றிப் போகுமுன் வண்டியைப் பார்வையாக்க எண்ணி, கடையில் இருந்தவற்றுள் விலை கூடிய கறுப்பு ஸ்பிரேயை வாங்கி நானே அடித்தேன். ஐப்பசி மழை தொடங்கியதும் பாம்பு செட்டை கழற்றுவது போல உரிகிறது. ஒரு துண்டை இத்துடன் அனுப்பியுள்ளேன். கடைக்காரர் போலிப் பெயின்றைத் தந்துவிட்டாரா? எதை வாங்கினால் நிலைக்கும்?
– மாங்குளம் வாசகர்

பதில்: கடைக்காரரைக் குற்றஞ்சாட்ட அவசரப்பட வேண்டாம். நீங்கள் அனுப்பிய துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முன்புறம் இன்னமும் நல்ல கறுப்பாகவே இருக்கிறது. பின்புறத்தில் சாம்பல் நிறத் தூள் மெல்லிதாகப் படிந்திருந்து, விரலால் தேய்த்ததும் விரலோடு வந்தது. உங்கள் கேள்விக்கான விடை அந்தத் தூளில்தான் இருக்கிறது.

பம்பர்களில் பெரும்பாலானவை பொலிப்புரோப்பிலீன் என்னும் பிளாஸ்ரிக்கோடு இறப்பரும் ரல்க் என்னும் கல்மாவும் கலந்து வார்க்கப்படுபவை. வெயிலின் புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்காகப் பட்டு மேற்படை சிதையும்போது, உள்ளே கலந்திருந்த மா வெளியே வந்து சாம்பல் பூத்தாற்போல நிற்கிறது; வெளுத்துவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். நீங்கள் அடித்த பெயின்ற் அந்தத் தூளைப் பிடித்துக்கொண்டதே ஒழியப் பிளாஸ்ரிக்கைப் பிடிக்கவில்லை. புழுதி தட்டாத சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடந்திருக்கிறது. விலை குறைந்த பெயின்றை அடித்திருந்தாலும் இதே நாளில்தான் உரிந்திருக்கும்.

தூளை முழுவதும் நீக்கிவிட்டாலும் இன்னொரு தடை இருக்கிறது. பொலிப்புரோப்பிலீன் இயல்பிலேயே எதையும் தன்மேல் ஒட்டவிடாதது. தாமரையிலையில் தண்ணீர் போலப் பெயின்ற் அதன்மேல் நிற்குமே தவிரப் பற்றாது. தொழிற்சாலைகளில் பம்பருக்கு நிறம் அடிக்குமுன் தீச்சுவாலையை மேலோட்டமாகக் காட்டி அந்த மேற்பரப்பை மாற்றுவதுண்டு. அதைக் கராஜில் செய்து பார்க்க முனைந்தால் பம்பர் நெளிந்துவிடும். நமக்கிருக்கும் வழி, குளோரின் சேர்ந்த பொலியோலிபீனைக் கொண்ட ஒட்டுப்பூச்சு ஒன்றை முதலில் அடிப்பதாகும். கடையில் ‘அட்ஹீஷன் புரமோட்டர்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘பிளாஸ்ரிக் பிறைமர்’ என்று மட்டும் கேட்டால், வேறு பிளாஸ்ரிக்குகளுக்கான சாம்பல் நிறப் பிறைமரையும் தந்துவிடுவார்கள். அதுவும் பிளாஸ்ரிக் பிறைமர்தான் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கலனின் மேல் பொலிப்புரோப்பிலீனுக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து வாங்குங்கள். ஒட்டுப்பூச்சு பெரும்பாலும் தண்ணீர் போலவோ மங்கிய வெள்ளி நிறமாகவோ இருப்பதால், அடித்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும். சரிவாகப் பார்த்து ஈரப் பளபளப்பைக் கொண்டே பூச்சைத் தொடர வேண்டும்.

உங்கள் பம்பர் எந்த வகை என்பதைப் பம்பரே சொல்லும். கழற்றி உட்புறத்தைப் பார்த்தால், எதிரெதிரான இரண்டு கூர்க்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கும். பீ.பீ. என்றிருந்தால் பொலிப்புரோப்பிலீன், ஏ.பீ.எஸ். என்றிருந்தால் பெயின்றை எளிதாகப் பிடிக்கும் வேறொரு வகை. சிறு துண்டைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பீ.பீ. என்று முடிவு செய்யும் வழக்கமும் உண்டு. ஆனால் ரல்க் கூடுதலாகக் கலந்த பீ.பீ. தாழ்ந்தும் போகும் என்பதால் நான் எழுத்தையே நம்புவேன்.

இனிக் கழுவும் வேலை. வேலையின் முக்காற்பங்கு இதுதான் என்பது என் எண்ணம். கராஜ்களில் மிக அவசரமாக முடிக்கப்படுவதும் இதுவே. சேர்விஸ் நிலையங்களில் வண்டியைக் கழுவி முடித்ததும் ரயருக்கும் கறுப்புப் பட்டிகளுக்கும் மினுமினுப்புக்காகப் பூசிவிடுகிறார்களே, அதில் சிலிக்கன் எண்ணெய் இருக்கிறது. அது மிச்சமிருக்கும் இடத்தில் பெயின்ற் விலகி, மீன் கண் போல வட்ட வட்டமாகக் குழி விழும். வானின் அடித்தகட்டுக்கு ஒயில் அடித்திருந்தால் அதன் துமியும் பட்டிகளில் இருக்கும். இதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நம்புவது நம் பக்கத்தில் பரவலாகக் காணப்படும் தவறு: மண்ணெண்ணெய் பழைய எண்ணெயைக் கரைத்துத் தன் எண்ணெய்ப்படையை விட்டுச் செல்கிறது. பெற்றோலும் அப்படித்தான், தீப்பற்றும் ஆபத்து வேறு. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்த தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, உலர்ந்தபின் ஐசோபுரொபைல் அல்ககோலையோ மெழுகும் எண்ணெயும் நீக்குவதற்கென விற்கப்படும் திரவத்தையோ ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் மற்றொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே உரோஞ்சத் தொடங்கலாம். எண்ணெய் இருக்கும்போதே உரோஞ்சினால் அதைக் கீறல்களுக்குள் நாமே அழுத்திவிடுகிறோம்.

மழமழப்பான பகுதிக்கு 400 அல்லது 600 இலக்கச் சாண்ட் பேப்பரைத் தண்ணீரோடு பயன்படுத்தலாம். சொரசொரப்பான தோல் போன்ற பகுதிக்குத் தாள் உதவாது, மேடுகளை மட்டும் தேய்த்துப் பள்ளங்களில் தூளை விட்டுவிடும். அங்கே நைலோன் தும்பும் சிறு தூரிகையும்தான் வேண்டும். தண்ணீர் கறுப்பாகவும் சாம்பலாகவும் வடிவது நின்று தெளிவாக வடியும் வரை தேயுங்கள். பின்னர் ஒரு முறை கழுவி, உலர்த்தி, மீண்டும் அந்தத் திரவத்தால் துடையுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது.

அடிக்கும் நேரமும் முக்கியமானது. ஆவணியில், சோளகக் காற்றில் செம்புழுதி பறக்கும் வன்னியின் பிற்பகல் ஒன்றில் அடித்தால், பெயின்ற் துளிகள் பம்பரைச் சேருமுன்பே பாதி காய்ந்து, மேற்பரப்பு மணல் தடவியது போலாகும். மார்கழி ஈரத்தில் அடித்தால் வெண்மை படரும். மாரி ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களில், பனி உலர்ந்த காலை நேரத்தில், நிழலில், சுற்றியுள்ள நிலத்துக்கு முன்கூட்டியே தண்ணீர் தெளித்துவிட்டு அடிப்பது நல்லது. கலனை உள்ளிருக்கும் குண்டு கலகலத்த பின் குறைந்தது இரண்டு நிமிடங்கள் குலுக்கி, ஏறத்தாழ ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒட்டுப்பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதைக் கலனே சொல்லும். சில வகைகளில் அந்த நேரம் அரை மணிக்குள் முடிந்துவிடுவதால், இடையில் தேநீருக்குப் போய்விட்டு வந்து தொடர்வது உதவாது. 400 மில்லிலீற்றர்க் கலன் ஒன்று இரண்டு பூச்சாக ஏறத்தாழ ஒரு சதுர மீற்றரைத்தான் மூடும் என்று கணக்கிட்டு, எல்லாப் பூச்சுகளையும் இயன்றவரை ஒரே நிறுவனத்தின் பொருளாக வாங்குங்கள். மிச்சக் கலனை வெயிலில் நிற்கும் வானுக்குள் விட்டுவிடாதீர்கள். 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் அது வெடிக்கக்கூடும்.

சாதாரண ஸ்பிரே பெயின்ற் தின்னர் ஆவியாகிப் போவதால் காய்வது. பின்னர் பெற்றோல் சிந்தினால் கரையும். ஹார்ட்னர் கலந்து அடிப்பது வேதிமுறையில் இறுகுவதால் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவை வரவழைக்கும் அந்தப் பொருளைச் சாதாரணத் துணி முகக்கவசம் தடுக்காது. அதனை வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் நிற்க அடிக்காமல், உரிய பாதுகாப்புக் கருவிகளுள்ள பெயின்ற் கராஜிடம் விட்டுவிடுங்கள். பம்பர் வளைந்து நிமிரும் பொருள் என்பதால், ‘பிளெக்ஸ்’ எனப்படும் இளக்கியைக் கடைசியாக அடிக்கும் நிறமற்ற கிளியர்ப் பூச்சில் கலக்கச் சொல்லிக் கேட்பதும் தவறில்லை.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றையும் சொல்ல வேண்டும்: உங்கள் வளைவுப் பட்டிகளுக்குப் பெயின்றே வேண்டாம் என்பது என் கருத்து. கிறவல் வீதியில் ஓடும் வண்டியின் கீழ்ப்பகுதியில் கல் தெறிக்கும். கறுப்புப் பிளாஸ்ரிக் உள்ளும் புறமும் கறுப்பு என்பதால் அடி தெரியாது; பெயின்ற் அடித்த பட்டியிலோ ஒவ்வொரு கல்லும் ஒரு புள்ளியை விட்டுச் செல்லும், அந்தப் புள்ளியிலிருந்து உரிவு தொடங்கும். பட்டிகளை மேற்சொன்னபடி கழுவி, கறுப்பை மீட்கும் பூச்சு வகையைத் தடவி, சில மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். சூட்டுக் காற்று காட்டிக் கறுப்பை வரவழைக்கும் வித்தை சில மாதங்களுக்கு மேல் நிற்பதில்லை. பம்பரின் மேற்பாதிக்கு மட்டும், மங்கல் கறுப்பில், பெயின்ற் அடியுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், புதிய வண்டியின் விலை எட்டாத உயரத்தில் நிற்கும்போது, இருப்பதைப் பேணும் உங்கள் எண்ணம் சரியானதே.

கேள்வி: மோட்டார் சைக்கிளின் பக்க மூடிகளைப் பெயின்ற் அடிக்கக் கொடுத்தேன். உரியவில்லை; ஆனால் மயிர் போன்ற வெடிப்புகள் தெரிகின்றன. ஏன்?
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: பக்க மூடிகள் பெரும்பாலும் ஏ.பீ.எஸ். வகை. பழைய பெயின்றைக் கழற்ற வீரியமான தின்னரில் ஊறிய துணியால் தேய்த்திருப்பார்கள், பிளாஸ்ரிக்கே வெடித்திருக்கிறது. இனி மேலே எதை அடித்தாலும் அந்தக் கோடுகள் மீண்டும் எழும். மூடியை மாற்றுவதே மலிவு.

கேள்வி: கராஜ் ஒன்றில் பம்பருக்கு நிறம் அடித்தேன். இரண்டு மாதத்தில் உரிந்தது. ‘பிளாஸ்ரிக்குக்கு உத்தரவாதம் இல்லை’ என்கிறார்கள். பற்றுச்சீட்டு இருக்கிறது. ஏதாவது செய்யலாமா?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: செய்யலாம், ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருளோ சேவையோ பற்றிய முறைப்பாட்டை அது வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் கழிந்துவிட்டது. 1977 என்ற இலக்கத்தில் அழைத்து உங்கள் மாவட்ட அலுவலரைக் கேட்டறியுங்கள். அதற்கு முன் உரிந்த துண்டுகளை எறியாமல் ஓர் உறையில் இட்டு வைத்து, பம்பரைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். துண்டின் பின்புறம் பிறைமரே இல்லாமல் வெறும் நிறமாகவும், பம்பர் வெறும் பிளாஸ்ரிக்காகவும் தெரிந்தால், கராஜ்காரர் அடிப்பூச்சு அடிக்கவில்லை என்று ஐயப்பட அது இடம் தருகிறது; ஆனால் ஒட்டுப்பூச்சு தண்ணீர் போலவும் இருக்கும் என்பதால் அது மட்டும் முடிவான சான்றாகாது. அந்தத் துண்டை முதலில் அவரிடமே காட்டிப் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே மறுபடி அடித்துத் தர ஒப்புக்கொள்வார். அப்போது எந்த ஒட்டுப்பூச்சை அடிக்கப் போகிறார் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.