அந்த ஸ்மைலி சம்மதம் அல்ல

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 29. நாற்பது பேர் பணிபுரியும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு மாதங்களாக என் மேலாளர் இரவு 10 மணிக்கு மேல் என் உடலை வர்ணித்து வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். முதல் முறை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ஸ்மைலியை அனுப்பி முடித்துக்கொண்டேன். இப்போது கைபேசியை அரிசி டப்பாவுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தாலும் அது அதிர்வது போலவே கேட்கிறது. குளிக்கும்போதுகூட அவர் எழுதிய வார்த்தைகள் நினைவுக்கு வந்து கூசுகிறது. "நீதானே ஸ்மைலி போட்டாய்?" என்று கணவர் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில், அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. தவறு என்னுடையதா?

– ஒரு வாசகி, ஈரோடு

அன்புச் சகோதரிக்கு,

தவறு உங்களுடையது அல்ல. சம்பள உயர்வும் விடுப்பும் யார் கையில் இருக்கின்றனவோ அவரிடமிருந்தே அப்படியொரு செய்தி வரும்போது, அவரைப் பகைத்துக்கொள்ளாமல் அந்த நிமிடத்தைக் கடக்க உங்கள் அச்சம் தேடிக்கொண்ட வழிதான் அந்த ஸ்மைலி. அதைச் சம்மதம் என்று எவரும், நீங்களும்கூட, எண்ண வேண்டியதில்லை.

தெருவில் ஒருவன் சீண்டினால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். இதுவோ படுக்கையறை வரை வந்துவிடுகிறது. அடுத்தது எப்போது வருமோ என்று உடல் ஓயாமல் காவல் காப்பதால்தான் இல்லாத அதிர்வும் காதில் விழுகிறது. குளிக்கும்போது கூசுவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் நெடுநேரம் நின்றேன்: உங்கள் உடலை உங்களையே அவர் கண்ணால் பார்க்க வைத்துவிட்டன அந்தச் சொற்கள். வெறும் மெசேஜ்தானே என்பவர்களுக்கு இந்தக் காயம் தெரியாது.

செய்திகளை அழித்துவிடாதீர்கள், தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்கிறது, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம். கடைசியாகச் செய்தி வந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் அக்குழுவிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கேளுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போய், வாயால் சொல்ல வராவிட்டால் கைபேசியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கணவரிடம் சொல்லும்போதும் அவர் உடனிருக்கட்டும். தூக்கமின்மை நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.