டாமி கூப்பரின் பாட்டில்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏப்ரல் 15 பிரிட்டிஷ் நகைச்சுவை மேஜிக் கலைஞர் டாமி கூப்பரின் நினைவு நாள் என்று நண்பர் ஒருவர் அனுப்பிய காணொளியில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். ஆறடிக்கு மேல் உயரம், தலையில் சிவப்புக் குல்லாய், கை வைத்த வித்தையெல்லாம் சொதப்பல். வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டு கேள்விகள். மேஜிக் சரியாக வராததால்தான் அவர் காமெடிக்கு வந்தாரா? அவர் மேடையிலேயே விழுந்து இறந்தபோது அரங்கம் சிரித்தது என்கிறார்கள். கண்ணெதிரே ஒரு மனிதர் சாயும்போது எப்படிச் சிரிக்க முடியும்?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

மேஜிக் வராதவர் அல்ல. மேஜிக் கலைஞர்களின் சங்கமான லண்டன் மேஜிக் சர்க்கிளில் உறுப்பினராக இருந்தவர். வித்தை தெரியாதவர்களை அங்கே சேர்ப்பதில்லை. பதின்ம வயதில், ஹைத் என்ற ஊரில் படகு கட்டும் பட்டறையில் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்தவர்கள் முன்னால் ஒரு வித்தை காட்டப்போய் அது சொதப்பியது, சிரிப்பு எழுந்தது என்பது உண்மைதான். ஆனால் தானாக வந்த சொதப்பல் ஒரு முறைதான் உதவும். தினமும் அதே நொடியில் அதே மாதிரி சொதப்ப வேண்டுமென்றால் வித்தையின் உள்கட்டு முழுக்கக் கைவசம் இருக்க வேண்டும்.

அவருடைய பாட்டில்–கிளாஸ் வித்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேஜிக் சாமான் விற்கும் கடைகளில் நெடுங்காலமாகக் கிடைப்பதுதான். மேஜையில் ஒரு பாட்டில், ஒரு கிளாஸ். இரண்டையும் இரண்டு குழாய்களால் மூடித் திறந்தால் இடம் மாறியிருக்கும். பாட்டில் என்று நாம் பார்ப்பது உண்மையில் அடிப்பாகம் இல்லாத தகரக் கூடு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கூடுகள், அவற்றுக்குள்ளே ஒளிந்திருக்கும் இன்னொரு கிளாஸ். குழாய் பாட்டிலுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல மேலே கவிழ்த்து, விரலால் இறுக்கித் தூக்கினால் வெளிக்கூடு குழாயோடு வந்துவிடும். அந்தக் குழாயைக் கிளாஸின் மேல் வைத்து, மற்றக் குழாயால் பாட்டிலை மூட வேண்டும். இனி முதல் குழாயை இறுக்காமல் தூக்கினால் கூடு அங்கேயே நிற்கும், பாட்டில் தெரியும். இரண்டாவதை இறுக்கித் தூக்கினால் கூடு மேலே போய்விடும், கிளாஸ் தெரியும். இறுக்குவதா விடுவதா, இவ்வளவுதான் சூட்சுமம்.

கெட்டுப்போவதும் இங்கேதான். பிடி தளர்ந்தால் கூடு நழுவி மேஜையில் தகரச் சத்தத்தோடு விழும். இறுக்கக் கூடாத குழாயை இறுக்கிவிட்டால் இரண்டு பக்கமும் கிளாஸ். இறுக்க வேண்டியதை விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் பாட்டில். ஒரு கூடு லேசாக நசுங்கினாலும் மற்றொன்றோடு சிக்கிக்கொள்ளும். சாதாரண வித்தைக்காரனுக்கு இவை விபத்து. கூப்பருக்கு இவைதான் முதலீடு. கூடுதல் கூடுகளை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுச் சிறிதாக, அடுக்கிக்கொண்டே போனால் மேஜை நிறையப் பாட்டில் வரும். "பாட்டில், கிளாஸ். கிளாஸ், பாட்டில்" என்று சொல்லிக்கொண்டே வைக்க இடமில்லாமல் அவர் தவிப்பதைப் பாருங்கள். அப்போதும் கூடுகள் வரிசை தப்பாமல் வெளியே வர வேண்டும். உள்ளே நிஜமாகவே ஒன்று சிக்கினால் ஆட்டம் நின்றுவிடும், சிரிப்பும் நின்றுவிடும்.

நடுவில் ஒரு வித்தையைப் பிசகில்லாமல் செய்தும் விடுவார். அதுவரை பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். அடுத்த சொதப்பலுக்கு மதிப்பு கூடுவது அதனால்தான்.

பார்ப்பதற்குத்தான் எல்லாம் அப்போதைக்குத் தோன்றியதுபோல இருக்கும். அவருடைய காகிதங்களும் சாமான்களும் 2016இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போயின; 100 பெட்டிகளுக்கு மேல். அதில் ஜோக்குகளைத் தலைப்பு வாரியாக அகரவரிசையில் அடுக்கிய கோப்புகளும் உண்டு. நூலகர்கூட அவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1984, ஏப்ரல் 15. லண்டன் ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டர், நேரடி ஒளிபரப்பு. அன்றைய அயிட்டத்தில் அவர் ஒரு பெரிய அங்கியை மாட்டிக்கொண்டு திரையை ஒட்டி நிற்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி டார்பக் சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். அங்கிக்குள் அடங்கவே முடியாத ஏணி வரைக்கும் கூப்பர் வெளியே எடுப்பார். அங்கியை மாட்டிய சற்று நேரத்தில் கூப்பர் அப்படியே கீழே உட்கார்ந்து, பின்பக்கமாகத் திரையில் சாய்ந்தார். மாரடைப்பு. வயது 63.

பார்வையாளர்களின் இடத்திலிருந்து பாருங்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மனிதர் தடுமாறுவதையும் விழிப்பதையும் பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள். அங்கியும் திரையும் இருந்தால் அதற்குள் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற டார்பக்கே அவர் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு விளம்பர இடைவேளைக்குப் போனார்கள், அவரைத் திரைக்குப் பின்னால் இழுத்தார்கள். அடுத்து வர வேண்டிய நகைச்சுவை ஜோடி லெஸ் டென்னிஸும் டஸ்டின் ஜீயும் திரைக்கு முன்னால் மீதமிருந்த குறுகிய இடத்தில் தங்கள் நிகழ்ச்சியைச் செய்ய வேண்டியிருந்தது. அரங்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் துண்டுக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பகிர்கிறவர்கள் மேல்தான் கொஞ்சம் இருக்கிறது.

அதை விட்டுவிட்டு அவருடைய தொப்பிக் காட்சியைத் தேடிப் பாருங்கள். ஒரு பெட்டி நிறையத் தொப்பிகள், ஒரு நீளமான கதைப்பாட்டு; பாத்திரம் மாறும்போதெல்லாம் தொப்பியும் மாற வேண்டும். மாற்ற மாற்ற எது யாருடையது என்று அவருக்கே குழம்பிவிடும். இரண்டாம் முறை பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள். பெட்டிக்குள் போகும் கையைப் பாருங்கள். தவறான தொப்பி வர வேண்டிய இடத்தில் அது எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது தெரியும்.