கப்பல் கம்பெனியின் கோல்ட் கார்டுக்கு 45,000 ரூபாயா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, தலவாக்கலையில் இருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகள் குடும்பத்தோடு ராயல் கரீபியன் கப்பலில் இரண்டு முறை போயிருக்கிறேன். முதலில் மூன்று இரவு, பிறகு நான்கு இரவு. இரண்டு முறையும் மகள்தான் காசு கட்டினாள். டிசம்பரில் மறுபடியும் போக எண்ணம். ஹட்டனில் ஒரு ஏஜென்சிக்காரர், "கோல்ட் மெம்பர்ஷிப் எடுங்கள், 30 வீதம் கழிவு கிடைக்கும், பழைய பயணத்துப் புள்ளிகளையும் போட்டுத் தருகிறேன்" என்று 45,000 ரூபாய் கேட்கிறார். தனி அறை எடுத்தால் புள்ளி இரட்டிப்பாகுமாம். 10,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். மிச்சத்தைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் டீச்சர். கொடுத்த பத்தாயிரத்தையும் திருப்பிக் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

முதல் விஷயம், நீங்கள் ஏற்கெனவே கோல்ட். ராயல் கரீபியனில் பயணித்தவர்களுக்கான 'கிரவுன் அண்ட் ஆங்கர்' அங்கத்துவத் திட்டத்தில் சாதாரண அறைக்கு ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. மூன்று புள்ளி வந்தால் கோல்ட். அதை உங்கள் முதல் பயணத்திலேயே எட்டிவிட்டீர்கள். சேருவதற்குக் கட்டணமே கிடையாது, இந்த அங்கத்துவத்தை விற்கும் உரிமையும் எந்த ஏஜென்சிக்கும் இல்லை. மகள் காசு கட்டினாளே என்று யோசிக்க வேண்டாம். புள்ளி கட்டிலில் படுத்தவருக்குத்தான், கார்டு நீட்டியவருக்கு அல்ல. உங்கள் பெயரில் ஏழு புள்ளி இருக்க வேண்டும். அறைக் கதவைத் திறக்கத் தந்த பழைய கப்பல் அட்டையைப் பத்திரப்படுத்தியிருந்தால் எடுத்துப் பாருங்கள், இரண்டாவது பயணத்து அட்டையில் உங்கள் படிநிலை அச்சாகியிருக்கும்.

அந்த 30 வீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கம்பெனிகள் வருடம் முழுக்க ஏதாவது ஒரு விற்பனையை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். எல்லாருக்கும் 30 வீதம், இரண்டாம் ஆளுக்கு 60 வீதம் என்று விளம்பரம் வரும். கப்பலையே பார்க்காதவருக்கும் அந்த விலைதான். அதை எடுத்து 'மெம்பர் விலை' என்று உங்களுக்கு விற்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கோல்ட் படிநிலைக்கு உண்மையில் கிடைப்பவை சின்னச் சின்னச் சலுகைகள். 30 புள்ளியில் பிளாட்டினம், 55இல் எமரால்ட், 80இல் டயமண்ட். டயமண்டுக்குப் போனால் ஒரு நாளைக்கு நான்கு பானங்கள் இலவசம். ஒரு பயணத்துக்கு நான்கு இரவு என்று போனாலும் நீங்கள் பிளாட்டினத்துக்கே இன்னும் ஆறு பயணம் போக வேண்டும். எந்தக் கழிவு கிடைத்தாலும் அது அறைக் கட்டணத்தில் மட்டும்தான் என்பதையும் மறக்காதீர்கள். துறைமுக வரி அப்படியே இருக்கும். பணியாளர்களுக்கான டிப்ஸ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 டாலருக்கு மேல், நான்கு இரவுக்கு 70 டாலரைத் தாண்டிவிடும். உண்மையாகக் காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் டிசம்பர் பள்ளி விடுமுறையைத் தவிர்த்து, பேரப்பிள்ளைகளுக்கு வசதிப்படும் வேறொரு வாரத்தைப் பாருங்கள். எந்த அங்கத்துவமும் அந்த அளவு மிச்சம் தராது.

இனி உங்கள் பெயர். நம்மவர்களின் புள்ளி தொலைந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி 'லெச்சுமி' என்று எழுதியிருப்பார். அடையாள அட்டையில் 'லெட்சுமி'. மகள் புக் பண்ணும்போது 'லக்ஷ்மி' என்று அடித்திருப்பாள். கம்பெனியின் கணினிக்கு இவர்கள் மூன்று பெண்கள். போதாததற்குப் படிவம் 'குடும்பப் பெயர்' கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு முறை அப்பா பெயரைப் போடுவோம், அடுத்த முறை கணவர் பெயரைப் போடுவோம்.

கொட்டகலையிலிருந்து ஒரு அண்ணன் என்னிடம் வந்தார். ஒரு கம்பெனியில் அவருக்கு இரண்டு கணக்கு, ஒன்றில் ஒன்பது இரவு, மற்றதில் பதினான்கு. அப்பா பெயரும் அவர் பெயரும் ஒன்றில் முன்னும் பின்னுமாக மாறியிருந்தன. பிறந்த தேதி ஒன்று, பாஸ்போட் ஒன்று, ஆனாலும் இரண்டையும் ஒன்றாக்க எனக்கு இரண்டு மாதமும் பதினொரு மின்னஞ்சலும் தேவைப்பட்டன. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் பதில் எழுதுவார், மறுபடியும் முதலிலிருந்து விளக்க வேண்டும். தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் மனிதர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதற்கு ஒரு கட்டம் போட இத்தனை பெரிய கம்பெனிக்கு மனம் வரவில்லை.

ஆகவே மகளை நேராகக் கம்பெனிக்கே எழுதச் சொல்லுங்கள். பாஸ்போட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே, பிறந்த தேதி, இரண்டு பயணங்களின் புக்கிங் இலக்கம், கப்பல் பெயர், புறப்பட்ட தேதி. இவ்வளவும் போதும். வரும் அங்கத்துவ இலக்கத்தை உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதியுங்கள். ஏஜென்சிக்காரரின் மின்னஞ்சலில் பதிய விடவே வேண்டாம். கணக்கு அவர் கையில் போனால் அடுத்த பயணத்துக்கும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். தோட்ட வேலைக்கு வந்த நம் பாட்டன்மாரின் கடனும் பெயரும் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு அடுத்தவர் பையில் இருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் துண்டு முறையை 1921இல் ஒழித்தார்கள். உங்கள் பெயர் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

தனி அறைக்கு இரட்டைப் புள்ளி என்பது பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். இருவருக்கான அறையை ஒருவராக எடுத்து, இல்லாத இரண்டாம் ஆளின் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினால் இரவுக்கு இரண்டு புள்ளி. ஒரு ஆளுக்கு 400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 800 கட்டுகிறீர்கள், நான்கு புள்ளிக்குப் பதில் எட்டு. அதாவது கூடுதல் நான்கு புள்ளிக்கு 400 டாலர். பேத்தி உங்களோடு அதே அறையில் படுத்தால் இரட்டிப்பு இல்லை, இரவுக்கு ஆளுக்கு ஒரு புள்ளிதான். ஒற்றையாளுக்கென்றே கட்டிய சிறிய அறையை அந்தக் கூடுதல் கட்டணம் இல்லாமல் எடுத்தாலும் இரட்டிப்பு இல்லை. குறட்டைக்காகவோ, இரவில் எழுந்து நடமாடுவதற்காகவோ தனி அறை வேண்டுமென்றால் தாராளமாக எடுங்கள். புள்ளிக்காக எடுக்காதீர்கள். பேத்தியை உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள், மகளுக்கும் செலவு குறையும்.

இன்னொரு பொறி. 2023 ஜூனில் கோர்டேலியா கம்பெனியின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியபோது, "இது ராயல் கரீபியனின் பழைய கப்பல்தான், புள்ளி சேரும்" என்று சிலர் டிக்கட் விற்றார்கள். கப்பல் முன்பு அவர்களுடையது என்பது உண்மை. ஆனால் விற்றபின் அது வேறு கம்பெனி, அங்கே ஒரு புள்ளியும் சேராது. எம்.எஸ்.சி. என்ற இன்னொரு கப்பல் கம்பெனி, மற்றக் கம்பெனிகளில் உங்களுக்குள்ள படிநிலையைப் பார்த்துத் தன் திட்டத்தில் ஒரு படிநிலை தருகிறது, அங்கத்தவருக்கு 5 வீதக் கழிவும் உண்டு. அதற்கும் விண்ணப்பம் இலவசம்தான். அதையும் காசுக்கு விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிசம்பரில் கப்பலில் ஏறியபின் ஒன்று செய்யுங்கள். கப்பலிலேயே 'நெக்ஸ்ட் குரூஸ்' என்று ஒரு மேசை இருக்கும். அடுத்த பயணத்தை அங்கேயே முற்பதிவு செய்தால் கப்பலில் செலவழிக்க டாலர் கணக்கில் வரவு வைப்பார்கள். உங்கள் கோல்டை விட அது பெறுமதியானது. கடைசி நாள் கூட்டம் நெரியும், முதல் இரண்டு நாளுக்குள் போய்விடுங்கள்.

சரி, அந்தப் பத்தாயிரம். பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். சத்தம் போட வேண்டாம். "இந்த 45,000 எந்தக் கம்பெனி அறவிடும் கட்டணம் என்று உங்கள் கடிதத் தாளில் எழுதி, சீல் குத்தித் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கத்தையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார். அப்போது பணத்தைக் கேளுங்கள். தவணை சொன்னால் அந்தத் தேதியையாவது பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.