இரைப்பைப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவினால் அந்தக் கட்டியை உடனே எடுத்துவிட முடியாதா?

கேள்வி: அம்மாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். ஸ்கேனில் கல்லீரலிலும் ஒரு கட்டி தெரிகிறது. டாக்டர் முதலில் கீமோ, அறுவை பற்றி அப்புறம் பார்க்கலாம் என்கிறார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெருங்குடல் புற்று இதேபோல் கல்லீரலுக்குப் பரவியது. வெட்டி எடுத்து ஆறு வருஷமாக நன்றாக இருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்?

பதில்:

நான் மருத்துவர் இல்லை. என் அப்பாவுக்கு இரைப்பை அறுவை முடிந்து ஒன்றரை வருஷம் கழித்துக் கல்லீரலில் ஒரு கட்டி வந்தது. இதே கேள்வியை நானும் கேட்டேன், கொஞ்சம் குரலை உயர்த்தியே. "ஒரே ஒரு கட்டிதானே டாக்டர், எடுத்துவிடக் கூடாதா?" அவர் சொன்னார்: "எடுக்க முடியும். எடுத்தால் அவருக்குப் பயன் உண்டா என்பதுதான் இன்னும் தெரியவில்லை." தட்டிக்கழிக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தை முதலில் பார்ப்போம். குடலிலிருந்தும் இரைப்பையிலிருந்தும் கிளம்புகிற ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. அதனால் இரண்டு புற்றுமே அங்கே போய் ஒட்டிக்கொள்வது சகஜம். ஆனால் பெருங்குடல் புற்று பலருக்குக் கல்லீரலோடு கொஞ்ச காலம் நின்றுவிடுகிறது. அங்கே இருப்பதை முழுதாக எடுத்தால் நிறைய பேர் பல வருஷம் இருக்கிறார்கள். இரைப்பைப் புற்று அப்படி ஒரே வழியில் போவதில்லை. ரத்தத்தில் போகும், நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும், இரைப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றறையின் உள்ளுறையிலும் சிதறும். கல்லீரலில் தெரிகிற கட்டி பல சமயம் முதலில் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். உள்ளுறையில் மணல் தூவினாற்போல் இருப்பது ஸ்கேனில் தெரியாமலே போகலாம்.

அதற்காகத்தான் லேப்ராஸ்கோப்பி. சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டு உள்ளே பார்க்கிறார்கள். உப்புநீர் ஊற்றிக் கழுவி, அந்த நீரில் புற்றுச் செல் இருக்கிறதா என்றும் பரிசோதிக்கிறார்கள். நாங்கள் முதலில் போன ஓர் இடத்தில் இதெல்லாம் எதுவும் இல்லாமல் மறுவாரமே அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள். எங்களுக்கு அவர்கள்தான் தெய்வமாகத் தெரிந்தார்கள்! நல்ல வேளை, அக்கா பிடிவாதமாக இன்னொருவரிடம் காட்டியே ஆகவேண்டும் என்றாள்.

இரண்டாவது டாக்டர்தான் மூன்று மாதம் கீமோ என்றார். எனக்குப் புரியாமல் போனது இந்த மூன்று மாதம்தான். இது கட்டியைச் சுருக்குவதற்கு மட்டும் இல்லை, நோயின் குணத்தைப் பார்ப்பதற்கும்தான். கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிதாக இரண்டு கட்டி முளைத்தால், முதல் நாளே வயிற்றைத் திறந்திருந்தாலும் அவை வந்திருக்கும். வித்தியாசம் என்னவென்றால், அறுவையிலிருந்து தேறுகிற வாரங்களில் கீமோ கொடுக்க முடியாது. பரவுகிற நோய்க்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது.

உங்கள் டாக்டர் தயங்குவதற்கு ஆய்வுக் காரணமும் இருக்கிறது. ஜப்பானும் கொரியாவும் சேர்ந்து நடத்தி 2016இல் வெளியான ரெகாட்டா ஆய்வில், பரவிய நிலையில் இருந்த 175 பேரில் பாதிப் பேருக்குக் கீமோ மட்டும், மீதிப் பேருக்கு இரைப்பையை எடுத்துவிட்டுக் கீமோ. இரைப்பையை எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. பரவிய கட்டியை அதில் தொடவே இல்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். அதையும் சேர்த்து எடுத்துப் பார்த்தது ஜெர்மனியில் நடந்த ரெனசான்ஸ் ஆய்வு, முடிவு 2024இல் வந்தது. கீமோவில் நோய் கட்டுக்குள் நின்ற 139 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். அறுவைப் பக்கம் போனவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 18 மாதத்துக்குச் சற்று மேல், கீமோவிலேயே தொடர்ந்தவர்களுக்கு 23 மாதத்துக்குச் சற்று மேல். அதாவது, மொத்தமாகப் பார்த்தால் அறுவை ஜெயிக்கவில்லை.

அப்படியானால் கதவே மூடிவிட்டதா என்றால் இல்லை. ஜப்பானில் பல மருத்துவமனைகளில் இரைப்பைப் புற்றுக்காகக் கல்லீரல் அறுவை செய்துகொண்ட 256 பேரின் விவரத்தைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். அதில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் 31 சதவீதம். யாருக்குப் பலன் குறைவு என்பதும் அதில் தெரிந்தது: கல்லீரலில் மூன்று அல்லது அதற்கு மேல் கட்டி, 5 செ.மீ. அல்லது அதைவிடப் பெரிய கட்டி, இரைப்பையின் வெளிப்படலம் வரை துளைத்த புற்று. ஆனால் இந்த 31ஐப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், நான் மயங்கினேன். அந்த 256 பேரும் ஏற்கெனவே வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள். அவர்கள் நன்றாக இருந்தது கத்தியாலா, அவர்களுடைய நோயே மெதுவான ரகம் என்பதாலா என்று அந்தக் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது.

அப்பா அந்த வடிகட்டியில் தேறினார். ஒரே கட்டி, 3 செ.மீ. கூட இல்லை, கீமோவில் இன்னும் சுருங்கியது, வேறெங்கும் எதுவும் இல்லை. கடைசிக் கீமோ முடிந்து ஐந்து வாரம் கல்லீரல் தேற விட்டு அறுவை செய்தார்கள். கல்லீரல் திரும்ப வளரும் என்பது உண்மைதான். ஆனால் வளர்கிற வரைக்கும் மிச்சம் இருக்கிற பகுதிதான் முழு வேலையையும் தாங்கவேண்டும். கீமோ பட்ட கல்லீரல் என்றால் இன்னும் கூடுதலாக மிச்சம் வைக்கவேண்டும். மருத்துவமனையில் பத்து நாள் என்றார்கள், நாங்கள் இருபத்தாறு நாள் இருந்தோம். வெட்டிய இடத்தில் பித்தம் கசிந்தது. கசிவை வெளியே வடிக்கிற குழாயின் பையில் பச்சையும் மஞ்சளுமாக இறங்குவதை அளந்து எழுதுவதுதான் எனக்கு வேலை. அது தானாகவே அடைத்துக்கொண்டது, மறுபடி திறக்க நேரவில்லை.

பதினான்கு மாதம் கழித்து நோய் திரும்பியது, கல்லீரலின் இன்னொரு பக்கத்தில். இந்த அறுவை செய்துகொள்கிற பெரும்பாலானவர்களுக்கு அது திரும்பத்தான் செய்கிறது. அறுவை நாளிலிருந்து கணக்குப் போட்டால் அப்பா இரண்டு வருஷம் பத்து மாதம் இருந்தார். இடையில் ஏறத்தாழ ஒரு வருஷம் கீமோ இல்லாமல், வேலைக்குக்கூடப் போனார். அது அறுவை கொடுத்ததா என்று கேட்டால், மேலே சொன்ன அதே பதில்தான்.

உங்கள் அம்மா நிலைமை அப்பாவைவிடச் சிக்கல். அப்பாவுக்கு இரைப்பையில் இருந்தது முன்பே போய்விட்டது. அம்மாவுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் இருக்கிறது. அறுவை என்றால் இரைப்பையும் கல்லீரலும் சேர்ந்தே, உடம்புக்கு அது பெரிய அடி. அதனால் முதலில் கீமோ என்கிற உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார் என்பது என் எண்ணம். அவரிடம் சண்டை போடுவதற்குப் பதில் பயாப்சித் துண்டில் ஹெர்-2, எம்.எஸ்.ஐ., பி.டி.எல்-1 மூன்றும் (எந்த மருந்து கேட்கும் என்று காட்டுகிற சோதனைகள்) பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் கீமோவோடு டிராஸ்டுசுமாப் என்கிற மருந்தைச் சேர்ப்பார்கள், மற்ற இரண்டையும் வைத்து இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டுகிற சிகிச்சை) உண்டா என்று முடிவு செய்வார்கள். மருந்து நன்றாகக் கேட்டால்தான் அறுவைப் பேச்சே வரும். மூன்று மாத ஸ்கேன் வந்ததும், கல்லீரல் அறுவை நிபுணரும் கீமோ டாக்டரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பார்களா என்றும் இப்போதே கேட்டுவையுங்கள். கட்டி சின்னதாக இருந்தால் ஊசியால் சுட்டுவிடுகிற முறையும் உண்டு, அதையும் அப்போது கேட்கலாம்.

அதுவரை அம்மாவின் எடையை வாரம் ஒரு முறை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் டாக்டர் ஸ்கேன் படத்தைக் கையில் வாங்குவதற்கு முன் அதைத்தான் கேட்டார்.