1898 குத்தகைக்குப் பிறகு ஹாங்காங்கைச் சுற்றியிருந்த சீனச் சுங்கச் சாவடிகளை பிரிட்டன் ஏன் வெளியேற்றியது?

அந்தச் சாவடிகள் யாருக்கு இடைஞ்சலாக இருந்தன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஹாங்காங் வரியில்லாத் துறைமுகம். அங்கே இறங்கும் அபின், சிறு பாய்மரப் படகுகளில் ஏறி, வரி கட்டாமலே அருகிலுள்ள சீன மாகாணமான குவாங்டங்கின் கரைக்குப் போய்விடும். சீனா இதைப் பல ஆண்டுகள் எதிர்த்தது. 1886 ஒப்பந்தத்தில்தான் ஒரு வழி பிறந்தது. அபின் பெட்டி ஒன்றுக்கு 110 தேல் (அன்றைய சீன வெள்ளிப் பண அளவு) வரி. அதை வசூலிக்க 1887இல் கவுலூன் சுங்கம் அமைந்தது. மா வான், சுங் சாவ் தீவுகளில் அதன் சாவடிகள் இருந்தன.

1898 ஜூனில், ஹாங்காங்கை ஒட்டிய சீன நிலப்பகுதியையும் தீவுகளையும் பிரிட்டனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இந்தத் தீவுகளும் பிரிட்டன் எல்லைக்குள் வந்துவிட்டன. சாவடிகள் இருந்த இடத்திலேயே நீடிக்கும் என்று பெய்ஜிங் நம்பியது. சீன வருவாய் பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்வதாக பிரிட்டிஷ் தூதர் மக்டொனால்டும் உறுதியளித்திருந்தார். ஆனால் ஒப்பந்த வாசகத்தில் சுங்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை! ஹாங்காங் வணிகர்களோ, தங்கள் வாசலிலேயே இன்னொரு அரசு படகுகளைச் சோதிப்பதை ஆரம்பம் முதலே வெறுத்தவர்கள். 1899 அக்டோபரில் சாவடிகள் வெளியேறின. புதிய எல்லையோ நீளமானது, காவலுக்குக் கடினமானது. கடத்தல்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதில் வேடிக்கை, சீனச் சுங்கத்தின் தலைவர் ராபர்ட் ஹார்ட்டே பிரிட்டிஷ் குடிமகன்தான். பிரிட்டனுக்கு மாறாக, அதே 1899இல் ஜெர்மனி, சீனாவில் தன் குத்தகைத் துறைமுகமான சிங்தாவில் சீனச் சுங்க அலுவலகத்தை அனுமதித்தது. அதன் ஆணையர் ஜெர்மானியராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1905 திருத்தத்தில் இறக்குமதி வரியில் 20 சதவீதமும் ஜெர்மன் நிர்வாகத்துக்கே கிடைத்தது.