கொலையாளி தெரிந்த பிறகும்

அன்புள்ள சார்,

நான் பாக்கெட் நாவல் காலத்து வாசகி. கல்யாணம், வேலை, குழந்தைகள் என்று படிப்பது விட்டுப்போயிற்று. இப்போது கல்லூரியில் படிக்கும் மகள் துப்பறியும் நாவல் கேட்கிறாள். "யார் கொன்றது என்று தெரிந்ததும் தூக்கிப் போடப்போகிற புத்தகத்துக்கு எதற்குக் காசு?" என்கிறார் என் கணவர். அவருக்கு என்ன பதில் சொல்வது? மகள் எதிலிருந்து தொடங்கலாம்? உங்கள் நாவல்களில் எதை முதலில் வாங்குவது?

எம்., மதுரை

அன்புள்ள எம்,

உங்கள் கணவர் கேட்பது நல்ல கேள்வி. நல்ல துப்பறியும் நாவலையும் மோசமானதையும் பிரித்துப் பார்க்க அதையே பயன்படுத்தலாம். யார் கொன்றது என்று தெரிந்த பிறகும் மறுபடி எடுத்துப் படிக்க முடிகிறதா? முடிந்தால் அது நல்ல நாவல். முதல் தடவை கொலையாளியைத் தேடுகிறோம். அடுத்த தடவை எழுதியவரைத் தேடுகிறோம். தடயத்தை எந்தப் பக்கத்தில் வைத்தார், அப்போது நம் கவனத்தை எந்தப் பக்கம் திருப்பினார் என்று பார்க்கிறோம். நான் எழுதக் கற்றுக்கொண்டதே அப்படிப் படித்துத்தான்.

மகளுக்கு முதல் புத்தகம் ஜப்பானிய எழுத்தாளர் ஸெய்ச்சோ மாட்சுமோட்டோவின் 'பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்'. 1958இல் புத்தகமாக வந்தது. புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் கிடைக்கிறது. ஹகாட்டா அருகே ஒரு கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் விஷத்தால் இறந்து கிடக்கிறார்கள். காதலர் தற்கொலை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட, உள்ளூர்த் துப்பறிவாளர் ஒருவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இறந்த ஆணிடம், ரயிலில் சாப்பாடு பரிமாறும் பெட்டியில் சாப்பிட்ட ரசீது இருக்கிறது. அதில் ஒருவர் சாப்பிட்ட கணக்குதான். சேர்ந்து சாக வந்தவர்கள். அவன் சாப்பிடப் போனால் அவள் பசியில்லாவிட்டாலும் எதிரில் போய் உட்கார்ந்திருக்க மாட்டாளா? இந்தச் சின்ன சந்தேகத்தில்தான் நாவலே நிற்கிறது. பிறகு டோக்கியோ நிலையம். 13ஆம் நடைமேடையில் நிற்பவருக்கு 15ஆம் நடைமேடை ரயில் எதுவும் மறைக்காமல் தெரிவது மாலையில் 4 நிமிடம் மட்டும். அந்த 4 நிமிடத்தில் ஒருவர் எதைப் பார்த்தார், ஏன் பார்க்க நேர்ந்தது? ரயில்வே கால அட்டவணையை இவ்வளவு பதைபதைப்போடு நான் வேறெங்கும் படித்ததில்லை.

உங்கள் கணவருக்கு வேறொன்று. கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்', 2005இல் வந்தது. யார் கொன்றது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் அதை மறைக்க உதவுகிறார். எல்லாம் தெரிந்தும் கடைசிவரை புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. படித்துவிட்டு அவர் சொல்லட்டும், காசு வீணா என்று.

அகதா கிறிஸ்டியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது! ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லுங்கள். முதல் உலகப் போரின்போது அவர் மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையில் இருந்தார். 1920இல் வந்த முதல் நாவலில் விஷத்தைச் சரியாகக் கையாண்டதற்காக மருந்தாளர்களின் பத்திரிகை ஒன்று அவரைப் பாராட்டியது. அவருக்கு அதில் ரொம்பவே பெருமை. விஷயம் தெரிந்து எழுதினால் வாசகருக்கு அது தெரிந்துவிடும்.

தமிழில் சுஜாதாவின் 'நைலான் கயிறு'. 1968இல் குமுதத்தில் தொடராக வந்தது. வழக்கறிஞர் கணேஷ் அறிமுகமானது அதில்தான். நீங்களும் மகளோடு சேர்ந்து படியுங்கள். வேகமான, வெட்டு வெட்டான அந்த நடைக்குப் பிறகு தமிழில் கொலைக்கதை பழையபடி இருக்க முடியவில்லை.

என் நாவல்களில் 'ஏழாவது மடை'யை முதலில் வாங்குங்கள். தாமிரபரணிக் கடைமடைக் கிராமம் ஒன்றில், வயலுக்குத் தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சும் நீர்க்கட்டி ஒருவர் இறந்துபோகிறார். எந்த ராத்திரி யார் வயலுக்கு முறை என்பது ஊருக்கே தெரியும். பொய் சொன்னவர் மாட்டுவது அதில்தான். ஆற்றுப் பாசனத்தில் வாழ்ந்தவர்களோடு உட்கார்ந்து பேசிப்பேசி எழுதினேன். நான் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். தடயம் இரண்டாம் அத்தியாயத்திலேயே, ஒளிக்காமல், ஒரு டீக்கடைப் பேச்சில் இருக்கிறது. அடுத்து 'அடமானச் சீட்டு'. அதில் கும்பகோணத்து நகைக்கடன் கடை ஒன்றும், ஒரே சங்கிலியை இரண்டு பேர் மீட்க வருவதும். இது கொஞ்சம் இருட்டான கதை, மகள் முதலாவதைப் படித்த பிறகு கொடுங்கள்.

'ஏழாவது மடை'யில் ஆளை எந்த அத்தியாயத்தில் பிடித்தாள் என்று மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.